பிடித்தம்

போன தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வத்தளையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து கோயில் கமிட்டிப் பொருளாளர் அழைத்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய தம்பியும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சுகம் விசாரித்து முடித்தபின் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, வைகாசியில கும்பாபிசேகம் வச்சிருக்கோம். வெளிய இருக்கிறவங்க வூட்டுக்கு அஞ்சாயிரம்னு பேசியிருக்கு. ஒங்க வூட்டுக்குப் போடவா, வேணாமா?" என்றார். "போடுங்கண்ணே, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றேன். "இல்ல தம்பி, இப்ப எல்லாரையும் கேட்டுத்தான் போடுறோம். நீங்க படிச்ச ஆளு, கும்புடுறீங்களோ என்னமோ" என்றார். அவர் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவரிடம் சைவமா அசைவமா என்று கேட்டுப் பரிமாறுவதில் உள்ள மரியாதைதான் இருந்தது.

அந்த மரியாதைதான் பல வாரங்களாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. என் அப்பாவை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் கும்பிட்டாரா, நம்பினாரா, திருவிழா அன்று தண்ணியைப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தாரா என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. தோட்டத்தில் அவர் வேலைக்குப் பேர் பதிந்த நாள்முதல், ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த நாள்வரை, மாதந்தோறும் அவருடைய சம்பளத்திலிருந்து கோயிலுக்கு என்று ஒரு தொகை தானாகவே போய்க்கொண்டிருந்தது. அவரும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறவன். ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், கடனுக்கு இவ்வளவு, நலன்புரிச் சங்கத்துக்கு இவ்வளவு என்று பிறர் கூலியில் பிடிக்க வேண்டியதைப் பிடிப்பதே என் தொழில் என்பதாலோ என்னவோ, தோட்டத்துச் சமய வாழ்க்கையில் நிகழ்ந்த மாற்றத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபுரமோ தேரோ நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சம்பளத் துண்டில் இருந்த ஒரு வரிதான் நினைவுக்கு வருகிறது.

செக்ரோலில் இருந்த சாமி

அம்மாவின் சம்பளத் துண்டை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். மடுவத்துக்கு முன்னால் வரிசையில் நின்று வாங்கி, நான்காக மடித்து, கொழுந்துச் சாக்கின் ஈரம் படாமல் மார்புக்குள் வைத்துக்கொண்டு வருவார். இடப்பக்கம் எத்தனை பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர் (அரைநாள்), கைக்காசு எவ்வளவு என்று இருக்கும். அரைப்பேர் வரும் இடத்தில் மட்டும் கணக்கப்பிள்ளைக்கு இரண்டு வசவு விழும். வலப்பக்கம் பிடித்தங்கள்: சேமலாப நிதி, அரிசி மாவு, முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, துணி வெளுப்பவருக்கு, முடி வெட்டுபவருக்கு, அவற்றுக்கு நடுவில் கோயில். சங்கத்துக்கும் சலவைக்கும் இடையில் மாரியம்மன் உட்கார்ந்திருந்தார் என்பது அந்த வயதில் எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. வெள்ளைத்துரைமார் காலத்தில் தொடங்கிய அந்தப் பிடித்தத்தை 1975 இல் தோட்டத்தை எடுத்துக்கொண்ட அரசாங்கமும் தொடர்ந்தது. 1992 இல் வந்த கம்பனியும் தொடர்ந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியபோதுகூட அந்த வரி நிற்கவில்லை. எந்த நாட்டின் பதிவேட்டிலும் இல்லாதவர்கள் மாரியம்மனின் பதிவேட்டில் இருந்தார்கள்.

சமூகம் ஒன்றுகூடும்போது தன்னுடைய பலத்தையே தெய்வமாக உணர்கிறது என்று சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912 இல் எழுதினார். பல்கலைக்கழகத்தில் வெளிவாரியாகப் படித்த காலத்தில் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதற்கு எங்கள் செக்ரோலைவிட, அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டைவிடச் சிறந்த உதாரணம் ஒன்றைக் காட்ட முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு ஊர், தெய்வம், தொழில் என்று மூன்று பொருள்கள் தனித்தனியாக இருக்கவில்லை. தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் மலையடியில் கத்திகளை வரிசையாக வைத்துப் பொங்கலிடுவார்கள். அதை வாங்கிக்கொள்பவர் கவ்வாத்துச்சாமி. தேயிலை வெட்டுவதற்கு முன்னால் அப்படி ஒரு சாமி இந்தியாவில் எந்த ஊரிலும் இருந்திருக்க முடியாது. அவர் இந்த மலையில், இந்த வேலையில் பிறந்தவர்.

எனக்கு நெருக்கமானவர் ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கீசரின் சொல் சிங்களத்தின் வழியாக எங்கள் வாய்க்கு வந்து சேர்ந்தது. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், உருளும் இயந்திரங்களுக்குக் காவலாக நிற்பவர் அவர். என் அப்பா ரோலர் அறையில் வேலை செய்தார். பித்தளைத் தட்டின் மேல் வாடிய கொழுந்தை வைத்து முறுக்கும் அந்த ரோலரின் முன்கால் ஒன்றில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு, மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறி ஏறி இரும்பின் நிறமே தெரியாமல் இருக்கும். வெள்ளிக்கிழமை ராச் சிப்டு தொடங்கும்போது அங்கே ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கி வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்கள். சூடத்தின் வாசமும் பச்சைத் தேயிலைச் சாற்றின் வாசமும் சேர்ந்த ஒரு நெடி, அப்பா வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவருடைய கழுத்தில் இருக்கும். வருசத்துக்கு ஒரு முறை சேவல் அறுப்பார்கள். அந்தச் சேவலின் விலை ஸ்டோர்க் கணக்கில் எழுதப்பட்டது. டீமேக்கர் கையெழுத்துப் போட்டார்.

அறிவும் கணக்கும் வளர வளர உலகத்திலிருந்து மாயம் விலகும், எதையும் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று அறிந்த மனிதன் ஆவிகளை மன்றாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று இன்னொரு சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917 இல் மியூனிக் மாணவர்களுக்குச் சொன்னார். அவர் சொன்ன அத்தனை கணக்கும் எங்கள் ஸ்டோரில் இருந்தது. வாட்டத்துக்கு இத்தனை மணி, முறுக்குக்கு இத்தனை நிமிடம், உலர்த்தும் காற்றுக்கு இத்தனை பாகை என்று சுவரில் எழுதியே ஒட்டியிருப்பார்கள். ஆனால் இயந்திரம் வந்து சாமியை விரட்டவில்லை. இயந்திரத்தின் காலடியிலேயே ஒரு சாமி முளைத்தார். அறியாமை என்று இதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இயந்திரப் பட்டியில் கை சிக்கி இரண்டு விரல்களை இழந்த ஒரு மாமாவை எனக்குத் தெரியும். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு தருவதற்கு 1934 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறதே, பிறகேன் முனிக்குச் சேவல் என்று, படிக்கிற திமிரில் அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "சட்டம் வெரல் போன பெறகு வரும். அதுக்கு முன்னுக்கு நிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

அரைப் பக்கக் கடிதம்

1995 டிசம்பரில் நான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். பெறுபேறு வரும்வரை எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, நான்தான் கடிதம் எழுதுபவன். சேமலாப நிதிப் படிவம், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் திருத்தம், கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அம்மாமார் அனுப்பும் செய்தி என்று எதுவாக இருந்தாலும் எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்குத்தான் வரும். மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் லயத்தின் கடைசிக் காம்பராவில் (அறை வீட்டில்) இருந்த அக்கா வந்தார். அக்காவின் கணவர் கசிப்புச் சாராயம் குடித்தே அழிந்துகொண்டிருந்தவர். நகரத்திலிருந்து வந்து பக்கத்து டிவிசனில் ஒரு காம்பராவுக்குள் ஜெபக் கூட்டம் நடத்தியவர்களோடு சேர்ந்து ஏழெட்டு மாதமாகக் குடியை விட்டிருந்தார். சண்டைச் சத்தம் அடங்கிப்போன அந்தக் காம்பராவை லயமே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கையோடு ஒரு பிளேன்டீயும் கொண்டுவந்து எனக்குக் கொடுத்துவிட்டு, கோயில் காசு பிடிப்பதை நிறுத்தச் சொல்லித் தோட்டத் துரைக்கு எழுத வேண்டும் என்றார்.

சீ.ஆர். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினேன். பாடசாலையில் கற்றுத்தந்த முறைப்படி, வேண்டுகோளுக்குப் பின்னால் காரணம் வர வேண்டும். "நாங்கள் இப்போது இந்தத் தெய்வங்களை நம்புவதில்லை" என்று எழுதவா என்று கேட்டேன். அக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்துவிட்டார். "அப்புடி எழுதாத தம்பி. சாமி புடிக்கலன்னு எழுதாத. ஆத்தா மேல எனக்கு என்ன கோவம்? காசு புடிக்க வேணாம்னு மட்டும் எழுது" என்றார். ஆகவே கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்துபோனது. எதிர்வரும் மாதம் முதல் எனது சம்பளத்தில் கோயில் என்ற பெயரில் பிடிக்கப்படும் பத்து ரூபாயை நிறுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அக்கா கையெழுத்து வைத்தார். மூன்றாம் வகுப்புவரை படித்தவர், எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும்.

பிடித்தம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன் என்று சொன்னால் அது பின்னால் சேர்த்துக்கொண்ட புத்திசாலித்தனமாகிவிடும். அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, பீட்டர் பெர்கர் என்ற சமூகவியலாளர் 1979 இல் முன்வைத்த ஒரு வாதத்தைப் படித்தபோதுதான் அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் அழுந்தியது நினைவுக்கு வந்தது. முற்காலத்து மனிதனுக்குச் சமயம் விதியாக இருந்தது, இக்காலத்து மனிதனுக்கு அது தெரிவாகிவிட்டது என்பது அவர் வாதம். கொள்கைப் பிறழ்ச்சி என்று திருச்சபை தண்டித்த குற்றத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லின் கிரேக்க வேருக்கே தெரிவு செய்தல் என்றுதான் பொருளாம். நவீன காலத்தில் எல்லோரும் அந்தக் குற்றத்தைச் செய்தே ஆக வேண்டும். தன் பழைய சாமியிடமே இருக்கிறவரும் இருப்பதாகத் தெரிவு செய்துதான் இருக்கிறார். அக்கா பத்து ரூபாயை நிறுத்தச் சொன்ன அந்த நிமிடத்தில், நிறுத்தச் சொல்லாத நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் பத்து ரூபாயும் வேறொன்றாகிவிட்டது. அதுவரை அது வெறும் பிடித்தம். அதன் பிறகு, அவர்கள் அறியாமலேயே, அது அவர்களுடைய பிடித்தம்.

ஆபீசில் இதற்கு வழி தெரியாமல் திண்டாடினார்கள். "சங்கத்த மாத்துறதுக்கு ஃபாரம் இருக்கு. சாமிய மாத்துறதுக்கு எங்கிட்ட ஃபாரம் இல்லையே" என்று கிளாக்கர் சொன்னதாக அக்கா வந்து சொன்னார். சொந்தச் சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 1978 அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சொல்வது அவருக்கும் தெரியாது, எழுதிக் கொடுத்த எனக்கும் தெரியாது. (அதற்கு முந்திய உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது; அது எல்லோருக்கும் தெரியும்.) இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு அந்த வரிக்கு நேரே ஒரு சிறு கோடு விழுந்தது. அதற்குள் தோட்டத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கடிதத்தின் எழுத்து யாருடையது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதச் சொன்னாங்க, எழுதுனான். நாளைக்கு நீங்க வந்து கேட்டாலும் எழுதுவான்" என்றார். அந்த வார வெள்ளிக்கிழமை அப்பா ஸ்டோருக்குப் போகும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போனதை அம்மா பார்த்திருக்கிறார்.

அடிக்கவா, வேணாமா?

அவ்வருடத் திருவிழாவில் கரகம் லயம் லயமாக வந்தது. ஒவ்வொரு காம்பரா வாசலிலும் கரகம் நிற்கும். வீட்டுக்காரர் குடத்துத் தண்ணீரைக் கரகமெடுத்தவரின் காலில் ஊற்றுவார், மாவிளக்குத் தட்டு நீளும், தப்புப் பறை ஒரு சுற்று வேகமெடுத்து அடங்கும். கடைசிக் காம்பராவுக்கு முந்திய வாசலிலேயே தப்பு அடங்கி, கரகம் அப்படியே படிக்கட்டில் இறங்கி அடுத்த லயத்துக்குப் போய்விட்டது. கடைசிக் காம்பராவின் கதவு பாதி சாத்தியிருந்தது. ஆனால் வாசல் கூட்டிச் சாணம் தெளித்திருந்தது. "வாசலைக் கழுவி வச்சிருக்காடி" என்று அம்மா பக்கத்திலிருந்த பெரியம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அக்கா எதற்காகக் கழுவினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

நான்கு வருடங்கள் கழித்து அக்காவின் கணவர் இறந்துபோனார், மாரடைப்பு. தோட்டத்தில் சாவு விழுந்தால் யாரும் யாரையும் அழைப்பதில்லை. குழி வெட்டுவதற்கு ஆண்கள் மண்வெட்டியோடு போய்விடுவார்கள், பாடை கட்டுவதற்கு மூங்கில் வந்துவிடும், தப்பு தானாக வந்து லயத்துக் கோடியில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சத் தொடங்கிவிடும். அன்றும் எல்லோரும் வந்தார்கள். குழியும் வெட்டியாயிற்று. தப்பும் வந்தது. ஆனால் தப்புக்காரர்களில் மூத்தவர் தீ மூட்டாமல் நேரே அக்காவின் வாசலுக்கு வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆயி, அடிக்கவா, வேணாமா?" என்று கேட்டார். அந்த மலையில் எந்தச் சாவிலும் எந்தத் தப்புக்காரரும் அதற்கு முன்னால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. உள்ளே இருந்த போதகர்தான் வேண்டாம் என்று தலையசைத்தார். கிழவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். மகனிடம் தப்பைக் கொடுத்துவிட்டு அவரும் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழிமேட்டுக்கே போனார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, கேள்வியே இல்லாமல் தப்பு ஒலித்த காலம் எவ்வளவு ஒற்றுமையான காலம் என்று பெருமூச்சு விடுவது எளிது. எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்கள் கூடும் வட்சப் குழுவில் வாரத்துக்கு ஒருவராவது அப்படிப் பெருமூச்சு விடுகிறார். எனக்கு அந்தப் பெருமூச்சில் உடன்பாடு இல்லை. தப்படித்தவர்களின் சம்பளத்திலும் அதே பத்து ரூபாய்தான் பிடித்தார்கள். தப்பின் சத்தம் கருவறைவரை போகும். அடித்தவர் கடைசிப் படிக்கட்டைத் தாண்ட மாட்டார். முதல் விபூதி பெரிய கங்காணி வீட்டாருக்கு. சாவுக்குத் தப்படிப்பது அந்தக் கிழவரின் விருப்பமாக இருக்கவில்லை, அவர் பிறப்பாக இருந்தது. "அடிக்கவா, வேணாமா?" என்ற கேள்வி அக்காவுக்கு ஒரு வாசலைத் திறந்தது என்றால், அதே கேள்வி கேட்டவருக்கும் ஒரு வாசலைத் திறந்தது. அடிக்க வேண்டாம் என்று ஒரு வீடு சொல்ல முடியுமானால், அடிக்க மாட்டேன் என்று ஒரு மகனும் சொல்ல முடியும். அவர் மகன் சொன்னான். இப்போது கொட்டகலையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். திருவிழாவுக்கு ஹட்டனிலிருந்து பேண்ட் வாத்தியம் வருகிறது. வாத்தியம் சகிக்கவில்லை என்பது வேறு விடயம்.

ஆங்கிலத்தில் செக்கியூலரைசேஷன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும் இந்த மாற்றத்துக்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. மதச்சார்பின்மை என்பது அரசின் கொள்கை. உலகியல்மயமாதல் என்கிறார்கள், அது வாயில் நுழைந்தாலும் லயத்தில் நுழையாது. சொல் இல்லாததால் நாம் தலைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். அப்படி எண்ணினால் மலையகத்தில் சமயம் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதும் இந்துக்கள் 12.6 வீதம், நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் சற்று மேல். தகரக் கூரைக் கோயில்கள் எல்லாம் கோபுரமாகிக்கொண்டிருக்கின்றன, சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பாதையில் கால் வைக்க இடமில்லை, ஜெப வீடுகளும் பெருகியிருக்கின்றன. இருபத்தோராம் நூற்றாண்டில் நம்பிக்கையாளர்கள் சிறுசிறு கூட்டங்களாக ஒடுங்கிக் கிடப்பார்கள் என்று 1968 இல் சொன்ன அதே பெர்கர், தான் சொன்னது பிழைத்துவிட்டது என்று 1990களின் முடிவில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். தலைக்கணக்கில் அவர் தோற்றது உண்மைதான். ஆனால் தெரிவைப் பற்றி அவர் சொன்னது தோற்கவில்லை என்பது என் எண்ணம். எங்கள் தோட்டத்தில் குறைந்தது பக்தி இல்லை. கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமை சாமிக்கு இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஆபீஸ் கணினிக்கு மாறிய காலத்தில் கோயில் என்ற வரி சம்பளத் துண்டிலிருந்து மறைந்துவிட்டது. மூன்றாம் தரப்புக்குப் பணம் பிடித்துக் கொடுப்பது தங்கள் வேலையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். சங்கச் சந்தாவை மட்டும் விட்டுவைத்தார்கள். சம்பளப் பிரிவுக்காரனாக எனக்கு அந்த முடிவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றிலிருந்து கமிட்டி வீடு வீடாகப் போய் வசூலித்தது. சந்தா நன்கொடையானது. நன்கொடையானவுடன் பெயர் வந்தது. பெயர் வந்தவுடன் கூடக் குறைய வந்தது. கருங்கல்லில் பொறித்த பட்டியலில் ஐம்பதாயிரம் கொடுத்தவர் மேலே, ஐந்நூறு கொடுத்தவர் இல்லவே இல்லை. பத்து ரூபாய்க்காரர்கள் எல்லோரும் ஒரே பத்து ரூபாயில் நின்ற அந்தச் சமம் (அது பாதிச் சமம்தான் என்று மேலே சொல்லிவிட்டேன்) போன இடம் தெரியவில்லை.

சாமிகளும் மாறினார்கள். நாங்கள் பாடசாலையில் படித்த சைவநெறிப் புத்தகத்தில் பதி, பசு, பாசம் இருந்தது; நாயன்மார் இருந்தார்கள்; கவ்வாத்துச்சாமி இருக்கவில்லை. பலியையும் சிறுதெய்வ வழிபாட்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடிந்து எழுதிய ஆறுமுக நாவலரின் சைவம்தான் பாடத்திட்டத்தின் வழியாக எங்கள் மலைக்கு ஏறி வந்தது. அதைப் படித்துத் தேறிய என் வயதுக்காரர்களே கமிட்டியில் உட்கார்ந்தபோது, மரத்தடி மாடசாமியைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆலயங்களில் மிருகபலியைத் தடைசெய்யும் யோசனைக்கு 2018 செப்டம்பரில் அமைச்சரவை இணங்கியபோது எங்கள் தோட்டத்தில் எவரும் எதிர்க்கவில்லை, எவரும் கொண்டாடவுமில்லை; சேவலின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்துப் பல வருடங்களாகியிருந்தன. ஸ்டோரும் மூடியாயிற்று. கொழுந்து இப்போது லொறியில் ஏறி வேறொரு தோட்டத்து ஸ்டோருக்குப் போகிறது. இரும்பை ஏலத்தில் விற்ற அன்று, ரோலர் காலடியில் இருந்த கல்லை மட்டும் இரண்டு பேர் சாக்கில் சுற்றித் தூக்கிவந்து மாரியம்மன் கோயிலின் வடமேற்கு மூலையில் வைத்தார்கள். அதற்கு இப்போது வெள்ளிக் கவசமும் முனீஸ்வரர் என்ற பெயரும் இருக்கின்றன. நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் எதற்குக் காவல் நிற்கிறார் என்று கேட்டால் கோயிலில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வேபர் சொன்ன மாயம் விலகுவது இயந்திரம் வந்தபோது எங்கள் மலையில் நிகழவில்லை. இயந்திரம் போனபோதுதான் நிகழ்ந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியது சரிதானா என்று இத்தனை வருடத்தில் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். சரிதான். மறுபடியும் அக்கா வந்து கேட்டாலும் எழுதுவேன். ஆனால் "போடவா, வேணாமா?" என்று பொருளாளர் கேட்டபோது எனக்கு உறுத்தியது அந்தக் கேள்வி இல்லை. போடுங்கள் என்று சொன்ன வேகம்தான் உறுத்தியது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, நான் இன்னும் அந்த மலைக்காரன்தான் என்று ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா அப்படிச் சீட்டு எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

பணம் அனுப்பிய பிறகு, பற்றுச்சீட்டில் யார் பெயரைப் போடுவது என்று கேட்பதற்காகப் பொருளாளர் மறுபடியும் அழைத்தார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். பேச்சோடு பேச்சாகக் கடைசிக் காம்பராவைப் பற்றியும் விசாரித்தேன். அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி, நடமாட்டம் குறைவு, மகன் ஜெபக் கூட்டத்துக்கென்று வாங்கிய ஒலிபெருக்கிச் செட்டை வைத்து வாடகைத் தொழில் நடத்துகிறான் என்றார். "அவங்ககிட்டயும் கேட்டீங்களா, போடவா வேணாமான்னு?" என்றேன்.

"கேட்டோம் தம்பி. போட வேணாம்னுட்டான். ஆனா மூணு நாளைக்கும் சவுண்ட் செட்டு அவனோடதுதான். வாடகையும் வாங்க மாட்டேங்குறான், பேரும் போடக் கூடாதுன்னுட்டான். கணக்குல எந்தப் பக்கம் எழுதுறதுன்னு தெரியாம நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்க கணக்கு வேல பாக்குற ஆளு, ஒரு வழி சொல்லுங்களேன்" என்றார்.